கேட்டலிஸ்டை வெட்டும் முன்: சுங்கை சிப்புட் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்களுக்கு, ஈப்போ தொழிற்சாலை ஷிப்டுக்குப் போக அந்தப் பழைய வாஜாவோ மைவியோதான் கதி. அவற்றை ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்கோ சுற்றுச்சூழல் துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கார் இழுக்கவில்லை என்று வந்தால் சில பட்டறைகளில் கை நேராக, புகைக் குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்குத்தான் போகிறது. அதை வெட்டி, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டைக் குத்தி எடுத்துவிட்டு, வெறும் வெளி உறையை மறுபடி வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரும் நன்றாக இழுக்கும். வாடிக்கையாளர் இதை ஒட்டுக்கடையில் போய்ப் பெருமையாகச் சொல்வார். அப்புறம் ஒரு குறையும் இல்லாத கார்க்காரரும் வந்து நிற்பார். அடைத்துப்போனதை எடுத்ததால் கிடைத்த இழுவை, அடைக்காததை எடுத்தால் கிடைக்காது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

அது தானாக அடைத்துக்கொள்வதும் அபூர்வம். வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்து என்ஜின் ஆயில் எரிந்தால், அதன் கழிவு உள்ளே படியும். பிளக்கோ காயிலோ சரியாக அடிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நோயை விட்டுவிட்டு அது தெரிந்த இடத்தை வெட்டி எறிந்தால், ஆயில் குறைந்துகொண்டேதான் இருக்கும். என் மைத்துனரின் வாஜாவுக்கு இதுதான் நடந்தது. கேட்டலிஸ்ட் போனதும் சில மாதம் நன்றாக ஓடியது. பிறகு என்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

கேட்டலிஸ்டுக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினால் அடைப்பு தெரிந்துவிடும். 2,500 ஆர்பிஎம்மில் பொதுவாக 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் குறை வேறு எங்கோ இருக்கிறது. கால் மணி நேர வேலை. அதற்குக் கூலி கேளுங்கள், நாங்கள் கொடுக்கிறோம்.

அப்புறம் அந்த எடுத்த சாமான். அதில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தைவிடப் பல மடங்கு ஏறியது. பழைய இரும்பு எடுப்பவர்கள் இதை மட்டும் ஏன் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. "எடுத்துவிட்டோம், கூலி இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பட்டறையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அது கார்க்காரரின் சொத்து. மைத்துனருக்கு அந்தத் துண்டுகளைக் காட்டக்கூட இல்லை.

"அந்தக் காலத்துப் புரோட்டோன் சாகா காரில் இதெல்லாம் இருந்ததா?" என்பீர்கள். கார்புரேட்டர் காலக் கார்கள் பலவற்றில் இல்லைதான். அன்று இந்த ஊரில் எத்தனை கார் ஓடியது, இன்று எத்தனை ஓடுகிறது? காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேட்டலிஸ்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது, சரி. சுமார் 300 டிகிரி சூடேற வேண்டும். ஆனால் மதியம் பள்ளி விடும் நேரத்தைப் பாருங்கள். ஏசிக்காக என்ஜினை அணைக்காமல் வரிசையாக நிற்கும் கார்கள் எல்லாம் சூடானவை. நல்ல நிலையில் இருக்கும் கேட்டலிஸ்ட் அந்த நேரத்தில் கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு என்பதால் கேட்டலிஸ்ட் இல்லாத குறை யாருக்கும் தெரிவதில்லை. அந்தப் பள்ளி வாசல் வழியாக வெளியே வருவது உங்கள் பிள்ளைகளும்தான்.

மலேசியாவில் பெட்ரோல் என்ஜின் புகைக்கான விதிமுறைகள் 1996-லேயே வந்துவிட்டன. சொந்தக் கார்களுக்கு ஆண்டுச் சோதனை இல்லாததால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள், அளவை கார்க்காரரிடம் காட்டுங்கள். உண்மையிலேயே போய்விட்டதென்றால் புதியதன் விலையையும் ஏன் போனது என்பதையும் சொல்லுங்கள். பணம் சேரும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்பவரும் இருப்பார். கழற்றிய பழையதை அவர் கையில் கொடுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்களிடமே இன்னும் காரை விடும் ஒரு வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்