எழுவான்கரை மணலில் பைனஸ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி மழை நெருங்கும் நாட்களில் மட்டக்களப்பு, அம்பாறை நாற்றுமேடைகளில் 'பைனஸ்' என்றும் 'நத்தார் மரம்' என்றும் ஊசியிலைக் கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. புதிதாக வீடு கட்டியவர்களும் பாசிக்குடா, அறுகம்பைப் பக்கத்து விடுதிக்காரர்களும் வாசலுக்கு அழகாக இருக்குமென்று வாங்கிப் போகிறார்கள். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரம் வேண்டும் என்று விரும்புவதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் கன்றுகள் பல பைன் குடும்பத்தையே சேர்ந்தவை அல்ல. உண்மையான பைனஸ் கிடைத்தவர்களோ அதற்கு ஒவ்வாத இடத்தில் அதை நட்டுவிடுகிறார்கள்.

காசு கொடுக்குமுன் ஓர் ஊசியைக் கிள்ளிப் பாருங்கள். கரிபியன் பைனஸ் என்றால் ஊசிகள் பெரும்பாலும் மும்மூன்றாக ஒரே அடியிலிருந்து கிளம்பும். அந்த அடியைச் சுற்றி வெங்காயச் சருகு போல மெல்லிய உறை இருக்கும். சவுக்கின் 'ஊசி' கணுக்கணுவாக இருக்கும். மெல்ல இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றித் தெரியும் பொடிப் பற்கள்தாம் அதன் இலைகள். சவுக்கு பூக்கும் தாவரம், ஊசியிலை மரமே அல்ல. சின்னஞ்சிறு கூரிலைகள் குச்சியைச் சுற்றித் தனித்தனியே ஒட்டியிருந்து, கிளைகள் தட்டுத்தட்டாக விரிந்தால் அது அரோக்கேரியா. ஊசியிலை மரந்தான், ஆனால் வேறு குடும்பம். மிக இளம் பைனஸ் நாற்றிலும் முதல் ஊசிகள் தனித்தனியாகவே வரும் என்பதால், ஓர் அடிக்குக் குறைந்த கன்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

ஸ்புரூஸ், ஃபர் விதைகளை இணையத்தில் வாங்கி முளைக்க வைக்க முயல்வோரும் உண்டு. குளிர்காலம் ஒன்று வந்து போனால்தான் அவற்றின் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். நம் இரவு வெப்பத்தில் கன்று பகலில் சேர்த்ததை இரவில் சுவாசித்தே செலவழித்து மெலிந்துபோகும். ஹக்கலைப் பூங்காவில் ஊசியிலை மரங்கள் செழித்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அந்த இடம் 1,600 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருப்பதை நினைக்க வேண்டும்.

ஆக, பைன் குடும்பத்தில் நம் தாழ்நிலத்துக்குப் பரிந்துரைக்கக்கூடியது மத்திய அமெரிக்கா, கியூபா, பஹாமாஸ் பகுதிகளுக்குரிய கரிபியன் பைனஸ் ஒன்றுதான். அதுவும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும், தண்ணீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணில் மட்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையின் கடற்கரை மணலில் சிப்பித் துகளின் சுண்ணாம்பும் கிணற்று நீரின் உவரும் சேர்ந்தால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. புது ஊசிகள் மஞ்சளாகி நுனியிலிருந்து கருகும். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. நடுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5க்கும் 6க்கும் இடையில் இருந்தால் நல்லது. 7ஐத் தாண்டினால் வேறு மரம் பாருங்கள்.

பைனஸ் பட்டுப்போவதற்குப் பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. இதன் வேரோடு ஒரு வகைப் பூஞ்சணம் சேர்ந்து வாழ்ந்தால்தான் மரத்துக்குப் பொசுபரசு போதிய அளவு கிடைக்கும். பைனஸ் இலங்கைக்கு உரிய மரம் அல்ல. அந்தப் பூஞ்சணம் நம் வளவு மண்ணில் இருக்காது. கன்று இரண்டு வருடமாகியும் முழங்கால் உயரத்திலேயே நின்று ஊசிகள் ஊதா கலந்த மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே நன்றாக வளர்ந்த பைனஸ் மரத்தின் அடியில், சருகுக்குக் கீழே வெண்ணூல் படர்ந்த மேல்மண்ணை உரிமையாளரின் அனுமதியோடு எடுத்துவந்து, பத்துப் பங்கு குழி மண்ணுக்கு ஒரு பங்கு கலந்தால் போதும். வரும் வழியில் அது வெயிலில் காயக்கூடாது. நட்டபின் பூஞ்சணக்கொல்லியை வேர்ப்பக்கம் ஊற்றவும் கூடாது.

நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, எடுத்த மண்ணோடு நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு வாளி சேர்த்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரை எரிக்கும், கறையானையும் அழைக்கும். பொலித்தீன் பையைக் கிழித்து அகற்றியதும் அடிவேர்களைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் வெட்டிவிட வேண்டும். அப்படியே நட்டால் சில வருடங்களில் அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும், காற்றுக்கும் பிடிப்பு இராது. பையில் இருந்த மண்மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள். முதற் கோடையில், முக்கியமாகக் கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை, மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து, பதினைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். கட்டாக்காலி மாடுகளுக்கு எதிராக வேலியும் அவசியம்.

இடத்தை இப்போதே கணக்குப் பாருங்கள். இது 20 மீற்றரைத் தாண்டும் மரம். 10 பேர்ச் காணிக்கு ஒருபோதும் ஏற்றதல்ல. 20 பேர்ச்சிலும் மூலையில் ஒன்று நட்டாலே அதிகம். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 10 மீற்றர் தள்ளி நட வேண்டும். வெப்பத் தாழ்நிலத்தில் சில மரங்கள் பக்கக்கிளை விடாமல் பல அடி உயரத்துக்கு நுனி மட்டும் நீண்டு வளரும். இந்த நரிவால் வளர்ச்சி உள்ள மரம் காற்றில் எளிதாக முறியும் என்பதால் இளமையிலேயே அகற்றுவது நல்லது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தென்னைகள் சாய்ந்த மாவட்டம் இது என்பதை மறக்கக்கூடாது. உதிரும் ஊசிகள் பிசின் உள்ளவை. கோடையில் ஒரு பொறி போதும். குப்பை எரிக்கும் இடத்துக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் அருகில் நடாதீர்கள். கூரைப் பீலியையும் அவை அடைத்துவிடும்.

எழுவான்கரையில் ஊசியிலைத் தோற்றந்தான் வேண்டுமென்றால் அரோக்கேரியாவைத் தேர்ந்தெடுங்கள். அது தீவுகளிலிருந்து வந்தது, உப்புக்காற்றைத் தாங்கும். பேராதனைப் பூங்காவில் வரிசையாக நிற்கும் குக் பைன், பெயரில் பைன் என்று இருந்தாலும், அரோக்கேரியா வகையைச் சேர்ந்ததே. விதைக்கன்றா என்று கேட்டு வாங்குங்கள். பக்கக்கிளையிலிருந்து வேர்விடுவித்த கன்று பக்கவாட்டிலேயே படரும், நிமிராது. அடர்த்தியாகத் தெரிவதற்காக ஒரே சாடியில் மூன்று, நான்கு நாற்றுகள் வைத்திருப்பார்கள். திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை வேரோடு இழுக்காமல் அடியில் வெட்டிவிடுங்கள். இதுவும் மிக உயர்ந்து வளரும் மரந்தான்; சிறு வளவில் சாடியோடு வைத்திருப்பதே மேல். நிழலும் காற்றுத் தடுப்பும் வேண்டுவோருக்கு இவை எல்லாவற்றையும் விடப் புன்னை நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே மின்கம்பிக்கு அடியில் பைனஸ் நட்டவர்கள் ஆண்டுதோறும் தலையை வெட்டி அடக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஊசியில்லாத பழைய கட்டையிலிருந்து பைனஸ் அநேகமாகத் துளிர்க்காது. வெட்டிய இடம் உக்கி, பக்கக்கிளை ஒன்று கோணலாக எழும்பி, முன்பைவிட ஆபத்தாக நிற்கும். ஆளுயரத்தைத் தாண்டுமுன் அதை அடியோடு எடுத்துவிடுங்கள்.

நாற்றுமேடைத் தொழிலாளி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.