கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்த வக்கீல் எங்கே கிடைப்பார்?

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வக்கீல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று மதுரையில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது டிஸ்சார்ஜ் சம்மரி புரியவில்லை என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள், படித்துச் சொல்வேன். சில சமயம் படித்து முடித்ததும் அடுத்த கேள்வி வரும். "சிஸ்டர், இதுக்கு ஒரு நல்ல வக்கீல் சொல்லுங்களேன்." அங்கேதான் எனக்குப் பேச்சு வருவதில்லை. எனக்குத் தெரிந்த வக்கீல்கள் பத்திரம் எழுதுவார்கள், ஜாமீன் எடுப்பார்கள், மோட்டார் விபத்து வழக்கு போடுவார்கள். மருத்துவ அலட்சிய வழக்கு நடத்தத் தெரிந்தவர் யார், அவரை எங்கே தேடுவது என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களை எந்த நம்பிக்கையில் நான் கைகாட்டுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், காசு வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால் அந்த இலவச நோயாளிக்கும் அதே உரிமை உண்டு. இப்போதைய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே போய் வாதாடவும் தடையில்லை.

வாதாடலாம்தான். ஆனால் பெயர்பெற்ற வழக்குகளில் வென்றவர்கள் யார் என்று பாருங்கள். கொல்கத்தாவில் நடந்த தவறான சிகிச்சையால் 1998இல் மனைவியைப் பறிகொடுத்து, 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு பெற்ற குணால் சாஹா, தாமே ஒரு மருத்துவர். ஹைதராபாத் வழக்கு ஒன்றில், மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு என்று சிகிச்சை தந்தார்கள். அவருடைய கணவரோ மலேரியா துறையிலேயே அதிகாரி! அந்த வழக்கில்தான், மருத்துவ நிபுணரின் சாட்சியம் எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு பேருக்கும் எங்கே தப்பு நடந்தது என்பது தங்கள் அறிவாலேயே விளங்கியிருக்கும். ராமநாதபுரத்தில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிறவர் தன் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்த விவரம் உள்ள அனஸ்தீசியா சார்ட்டை எப்படிப் படிப்பார்? அதைப் படிக்கும் வக்கீல்தான் அவருக்கு வேண்டும்.

நம் ஊரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிர் போனதும் முதலில் ஆஸ்பத்திரி வாசலில் சத்தம். போலீஸ் வரும். "உடம்பை அறுக்க விடமாட்டோம்" என்று குடும்பத்தில் பெரியவர் ஒருவர் சொல்வார். பிரேதப் பரிசோதனை இல்லாமலே அடக்கம் நடந்துவிடும். சாவுக்கு என்ன காரணம் என்று சொல்லக்கூடிய முக்கியமான சாட்சியம் அத்தோடு போயிற்று. இதற்கு நடுவில் யாராவது ஒரு உள்ளூர்ப் பிரமுகர் வந்து பேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. அப்படி எதுவும் நடக்காத வீட்டில்கூட பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் கேஸ் போடலாமா என்ற யோசனையே வரும். அப்புறம் வக்கீல் தேடும் படலம். ஒருவர் "பார்க்கலாம்" என்று ஃபைலை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பார். இன்னொருவர் எடுத்த எடுப்பில் கிரிமினல் புகார் கொடுக்கச் சொல்வார். மருத்துவர் மீது தனிப்பட்ட முறையில் அப்படிப் புகார் கொடுப்பதென்றால் இன்னொரு மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்து கையில் இருக்க வேண்டும் என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்கிறாரா, எனக்கு விளங்கவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பது 2 வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. விஷயம் தெரிந்த வக்கீல் முதல் நாளே இந்தக் கடிதத்தைத்தான் எழுத வைப்பார். ஓ.டி. நோட்ஸ் எனும் அறுவை சிகிச்சைக் குறிப்புகள், நர்ஸிங் சார்ட், சம்மதப் படிவம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்வார். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு எழுதுகிறவரிடம் மாட்டிக்கொண்டால் அந்தக் குடும்பம் பாவம். எந்த மணிக்கு நாடித்துடிப்பு இறங்கியது, எந்த மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் எங்கள் நர்ஸிங் சார்ட்டில்தானே இருக்கிறது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்ற இந்திய பார் கவுன்சில் விதி எனக்கும் பிடித்த விதிதான். இணையதளங்கள் வழியாக வக்கீல்கள் வழக்கு பிடிப்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததையும் படித்தேன். நல்லது. ஆனால் வக்கீலும் சொல்லக்கூடாது, வேறு யாரும் சொல்லக்கூடாது என்றால் நோயாளியின் குடும்பம் யாரிடம் கேட்கும்? அந்த விதிக்கு 2008இல் வந்த திருத்தத்தில், ஒரு வக்கீல் தன் இணையப் பக்கத்தில் எந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்று குறிப்பிட அனுமதித்திருக்கிறார்கள். அவர் போட்டுக்கொள்ளலாம் என்பதை நீங்களே திரட்டி, மாவட்ட வாரியாக ஒரு பட்டியலாக வெளியிட்டால் என்ன? நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவ வழக்கை இறுதித் தீர்ப்பு வரை நடத்தியவர் என்பது மட்டும் தகுதியாக இருக்கட்டும். வென்றாரா தோற்றாரா என்று போட வேண்டாம், அது விளம்பரமாகிவிடும்.

கட்டண விஷயம் இன்னும் மோசம். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. என்னிடம் வந்த சிலர், மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், அதுதான் நடைமுறை என்று நினைத்துக்கொண்டு. எவ்வளவு, எப்போது, எதற்காக என்று எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையாவது நீங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் வருகிற காகிதங்களில் பலவற்றில் அலட்சியம் எதுவும் இல்லை. நோய் முற்றித்தான் வந்திருப்பார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருப்பார்கள். அதைப் பார்த்து "அம்மா, இதில் கேஸ் இல்லை" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுகிற வக்கீல்தான் நல்ல வக்கீல் என்பேன். அந்த ஒரு வார்த்தை ஒரு டாக்டரையும் காப்பாற்றும், ஒரு குடும்பத்தின் நகையையும் காப்பாற்றும்.

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல்கள் மீது நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவர் மீது போடலாம், வக்கீல் மீது முடியாது. மருத்துவமனைக்காரியான எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, மறைப்பானேன். சரி, தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் மருத்துவ வழக்கை வாங்கி வைத்து இரண்டு வருடத்தைக் கடத்திவிட்ட வக்கீலைத் தொழில் ஒழுங்கின்படி விசாரிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். அப்படி ஒரு புகாரை எங்கே, எந்தப் படிவத்தில் கொடுப்பது என்பதையும் அந்தப் பட்டியலின் அடியிலேயே தமிழில் போட்டுவிடுங்கள்.

வசதி இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கேயும் இதே சிக்கல்தான். வருகிற வக்கீல் நல்லவராகவே இருப்பார், பிரசவ வலி எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராஃப் என்றால் என்ன என்று நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஆணைக்குழுவின் பேனலிலும் இந்த வழக்குகளுக்கென்று சிலரைத் தனியாகப் பயிற்றுவிக்க நீங்கள் அவர்களிடம் பேசலாம்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் என்னைப் போல ஓய்வுபெற்ற நர்ஸுகள் இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் பார் அசோசியேஷன் அறையில் ஒரு மேஜை கொடுத்தால் கேஸ் ஷீட்டை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று சொல்லித்தருகிறோம். சம்பளம் வேண்டாம், டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள். மதுரையில் சொல்லித்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை