மானியம் கேட்குமுன் பட்டாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேளாண் மானிய அறிவிப்புகள் நாளிதழ்களில் தவறாமல் வருகின்றன. எதற்கு எந்த அலுவலகம் போவது என்பதுதான் கிராமத்துக்கு வந்து சேர்வதில்லை. நெல், கடலை, பருத்திக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். வாழை, காய்கறி, மாமரத்துக்குத் தோட்டக்கலைத் துறை. பவர் டில்லர், சூரியசக்தி பம்புசெட் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. பல வட்டாரங்களில் அதற்கு அலுவலகமே இல்லை, கோட்ட ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது பட்டாவில். நிலம் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். பேரன் உழுகிறார், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் அவர் பயிர்தான் ஏறுகிறது. இருந்தும் மானியம் பட்டாதாரருக்குத்தான். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றி, பாகம் பிரித்திருந்தால் உட்பிரிவுக்கும் மனுக் கொடுக்க வேண்டும். நில அளவர் வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், இதைப் பருவம் தொடங்கிய பிறகு ஆரம்பித்துப் பயனில்லை. ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வேறு எழுத்து என்றிருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இவர்களுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சான்று இல்லாத குறு விவசாயியும் 75-க்குள் போய்விடுகிறார். பணி ஆணை கைக்கு வருமுன் குழாய் வாங்கிப் பதித்துவிடாதீர்கள். அதற்கு மானியம் கிடைக்காது. அரசின் உழவன் செயலியில் பதிவு செய்ததோடு வேலை முடிந்ததாகவும் நினைக்க வேண்டாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல்களுடன் அலுவலரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. நின்றுபோனால் மின்னணுச் சரிபார்ப்பு (இ-கே.ஒய்.சி.), ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, நில விவரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பணம் வரவில்லை என்று அலைபவர்களில் சிலருக்கு அது வேறு வங்கியில் விழுந்திருக்கும். ஆதாரை எந்தக் கணக்கில் கடைசியாக இணைத்தோமோ, அங்கேதான் போகும். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் எடுக்கவும் ஆதாரில் பதிந்த கைபேசி எண் நடப்பில் இருக்க வேண்டும். ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) அதற்குத்தான் வரும்.

வேளாண்மைத் துறைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு விரிவாக்க மைய வாசலிலும் திட்டம் வாரியாக இலக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மாதந்தோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தள்ளுபடியாகும் மனுவுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் காட்டுவதற்கு விவசாயி கையில் அந்தத் தாளாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்