ஒரு சிட்டிகைச் சாம்பிராணி

அன்பு மகளுக்கு,

அத்தனை சாமிகளைக் கும்பிட்ட ரோமர்களுக்கு கிறிஸ்து என்று இன்னொரு சாமி வந்தால் என்ன கசந்தது என்று கேட்டிருந்தாய். சாமி கசக்கவில்லை. கி.மு. 204இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) சிபெலி அம்மனை அரசே வரவழைத்துக் குடியேற்றியது. ஆனால் கிறிஸ்தவர்கள், மற்றதெல்லாம் சாமியே இல்லை என்றார்கள். யூதர்களும் அதையேதான் சொன்னார்கள். அது அவர்களின் முன்னோர் வழி என்று ரோமர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களோ முன்னோர் வழியை விட்டு வந்தவர்கள்.

ரோமில் நீ மனசுக்குள் என்ன நம்புகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சடங்கைப் பிசகாமல் செய்தாயா, அதுதான் கேள்வி. மந்திரத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊரே சேர்ந்து செய்கிற காரியத்தில் நாலு பேர் ஒதுங்கினால், பஞ்சமோ கொள்ளைநோயோ வரும்போது பழி அவர்கள் தலையில்தான் விழும்.

கி.பி. 112 வாக்கில் கருங்கடலோர பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படி. 'நீ கிறிஸ்தவனா?' என்று மும்முறை கேட்பாராம். ஆமென்று நின்றால் மரண தண்டனை. ரோமக் குடிமகன் என்றால் ரோமுக்கு அனுப்பிவைப்பார். இல்லை என்பவன் தெய்வங்களை வேண்டி, பேரரசர் உருவத்துக்குச் சாம்பிராணியும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். வேறு குற்றம் எதுவும் அகப்படவில்லை. அந்தப் பிடிவாதமே தண்டிக்கத் தக்கது என்கிறார். சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் எழுதுகிறார். வெளியே சாட்சியம்கூட வதைத்துத்தான் வாங்கப்படும் அடிமைக்கு, உள்ளே ஒரு பொறுப்பு! எனக்கு அந்த வரிதான் பெரிது. பலி இறைச்சி வாங்க ஆள் கிடைப்பதே அரிதாகிப் போனதாம். கசாப்புக்காரனுக்கும் கோபம் இருந்திருக்கும்.

அப்போது டிராஜன் பதிலில், கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடுதாசியை ஏற்காதே என்றார். பேரரசர் டெசியஸ் காலத்தில், 250இல், எல்லாரும் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றாயிற்று. எகிப்தில் அந்தப் பாப்பிரஸ் தாள்கள் கிடைத்திருக்கின்றன: பெயர், தகப்பன் பெயர், ஊர், சிலவற்றில் வயதும் உடம்பிலுள்ள தழும்பும். பிறகு, 'எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன். இப்போதும் உங்கள் முன்னிலையில் ஊற்றினேன், பலியிட்டேன், உண்டேன்' என்ற வாசகம். கீழே அதிகாரியின் கையெழுத்து.

பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். 251இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்), தாள் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துத் திரும்பச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே பலியிட்டவர்கள் சாகும் தறுவாயில்தான் சேரலாம் என்றார்கள்.

அன்புடன்,
அப்பா