கோரிக்கை மனு: சுரங்க மேல்மண்ணைக் காத்துத் தர வேண்டி

அனுப்புநர்: மானாவாரி விவசாயிகள், அரியலூர் வட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், அரியலூர் மாவட்டம்.

பொருள்: சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அகற்றப்படும் மேல்மண்ணைத் தனியே சேமித்து, வெட்டி முடித்த நிலத்தில் மீண்டும் பரப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஊர் நிலம் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். ஏர் கொஞ்சம் ஆழமாகப் பட்டால் சிப்பிக்கல் புரண்டு வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் ஊருக்குக் கிழக்கே சுரங்கம் வெட்டுகிறார்கள். கல் எடுப்பதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. கல்லுக்கு மேலே இருக்கிற மண்ணுக்காக வந்திருக்கிறோம்.

போன கோடையில் புதிதாக நிலம் திறந்தபோது, மேலே இருந்த கரிசலையும் அடியில் இருந்த சுக்கானையும் (சுண்ணாம்புக் கல் கலந்த வளமில்லாத மண்) ஒரே டிப்பரில் அள்ளி ஒரே மேட்டில் கொட்டினார்கள். மேடு பனை உயரம் நிற்கிறது. ஐப்பசி மழையில் அது கரைந்து, ஏரிக்கு வரும் வாய்க்கால் முழங்கால் அளவுக்குத் தூர்ந்துவிட்டது. மேடு சரிந்த இடத்தில், அடியில் புதைந்து கிடந்த கரிசலை ஒரு கை அள்ளிப் பார்த்தோம். ஒரு மண்புழு இல்லை, ஒரு வேர் இல்லை. அழுகல் வாடைதான் வந்தது. அது எங்கள் பாட்டன் காலத்திலிருந்து எருப் போட்டு வளர்த்த மண், ஐயா.

மேலே உள்ள ஒரு முழ மண்ணில்தான் மக்கிய சத்தும், நுண்ணுயிரும், விதையும் இருக்கின்றன. உயரமாகக் குவித்தால் அடியில் காற்று போகாமல் அந்த உயிர் செத்துவிடும். சுக்கானோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவே முடியாது. 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளும், மேல்மண்ணைத் தனியே எடுக்க வேண்டும், நிலச் சீரமைப்புக்குப் பயன்படுத்த வேண்டும், உடனே பயன்படாவிட்டால் தனியே சேமிக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

வரும் சித்திரையில் அடுத்த பகுதியைத் திறக்க எல்லைக்கல் நட்டாகிவிட்டது. அதற்கு முன் கனிம வளத்துறை, வேளாண்மைத் துறை அலுவலர்களை அனுப்பி, மேல்மண் எவ்வளவு ஆழம் என்று குழி வெட்டி அளந்து பதிவு செய்ய வேண்டுகிறோம். மண் காய்ந்திருக்கும்போதே கரிசலை மட்டும் முதலில் வழித்தெடுக்க உத்தரவிட வேண்டும். கல் எடுத்து நிரப்பி முடித்த பள்ளம் இருந்தால் நேராக அங்கேயே பரப்பலாம். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. முடியாதபோது ஆள் உயரத்துக்கு மேல் குவிக்காமல், சுற்றிலும் வரப்புக் கட்டி, பசுந்தாள் உரப் பயிரான சணப்போ கொளுஞ்சியோ விதைத்து வைக்கட்டும். பரப்பிய மண்மேல் லாரி ஓடக் கூடாது. ஒரு லோடு மேல்மண்கூட வெளியே போகக் கூடாது.

தூர்ந்த வாய்க்காலை சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென உள்ள மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து புரட்டாசி விதைப்புக்கு முன் தூர்வாரித் தரவும் வேண்டுகிறோம். ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், மண்வெட்டியோடு நாங்களும் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர் விவசாயிகள் (கையொப்பங்கள் இணைப்பில்)