வலது கைக்கு ஒரு கையுறை

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கடைசி ஆட்டம் முடிந்து ஐந்து நாள்களாகின்றன. மகளின் விளையாட்டுப் பை வாசலில் இறக்கி வைத்த இடத்திலேயே இருக்கிறது. திறந்து எல்லாவற்றையும் துவைக்கப் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதிலிருந்து ஒரேயொரு பொருளை மட்டும் வெளியே எடுத்திருக்கிறோம். இந்த மடலின் பெரும்பகுதி அந்தப் பொருளைப் பற்றியதுதான்.

அணியின் பஸ்ஸோடு விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் போன நவம்பர் மாதத்து அந்த இரவைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்களில் பலர் விடிவதற்கு முன்பே எங்களைத் தொலைபேசியில் அழைத்தவர்கள். பிள்ளைகள் இருபத்துமூன்று பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி நின்றார்கள், போனவை பொருள்கள் மட்டுமே. ஆனால் அந்தப் பொருள்கள் இல்லாமல் ஒரு கல்லூரிப் பெண்கள் அணி ஐஸ் ஹாக்கி ஆட முடியாது. எங்கள் பிள்ளைகள் ஆடுவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் எதுவும் கிடையாது. விடியற்காலையில் எழும்பிப் பனியில் இறங்குகிற இந்தப் பிள்ளைகள் விருப்பம் ஒன்றினால் மட்டுமே இறங்குகிறார்கள். அந்த விருப்பம் அந்த வாரத்தோடு முடிந்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம்.

முடியவிடாதவர்கள் நீங்கள். கனடாவில், ஸ்காபரோவில் உண்டியல் வைத்த கடைக்காரர்கள், ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒலிவாங்கியில் எங்களுக்காக இரண்டு வார்த்தை சொன்ன ஐயர், ஊர்ப் பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகள், இடியப்பம் விற்றுக் காசு சேர்த்த அக்காமார், மட்டைகளையும் மேலாடைகளையும் எண்ணாமல் தூக்கித் தந்த எதிரணிக் கல்லூரிகள், அந்த மேலாடைகளில் இரவிரவாக இலக்கம் தைத்த அணித் தாய்மார், பரீட்சையைத் தள்ளிவைத்த பேராசிரியர்கள், அடுத்த பயணத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்த பஸ் சாரதி. ஒருவரையும் நான் மறக்கவில்லை. தனித்தனியாக எழுதினால் ஒரு புத்தகமாகும். இந்த வருடத்துக்குள் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இரண்டு வாரத்துக்குள் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. என் மகளுக்கும் ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தது.

அவள் அணியின் கோல் காப்பாளர், இடக்கைக்காரி. எழுதுவது, எறிவது, கத்தரிப்பது எல்லாம் இடக்கையால். சோறு மட்டும் வலக்கையால் உண்ண வேண்டும் என்று அம்மம்மா மூன்று வயதிலேயே பழக்கிவிட்டார். இந்த விளையாட்டில் கோல் காப்பாளர் ஒரு கையில் மட்டையைப் பிடித்து, மற்றக் கையில் அகன்ற தோல் கையுறையை அணிந்து, பறந்து வரும் இறப்பர் வில்லையைப் பிடிக்க வேண்டும். அநேகமானவர்களுக்கு அந்தக் கையுறை இடது கையில். என் மகளுக்கு வலது கையில், அம்மம்மா சோற்றுக்குப் பழக்கிய அதே கையில். வலது கைக்கான கையுறையைக் கடைகள் அதிகம் வாங்கி வைப்பதில்லை. நாங்கள் கேட்ட கடைகளில் வளர்ந்தவர்களுக்கான அளவில் ஒன்றுகூட இருக்கவில்லை. சொல்லிச் செய்விக்க எட்டு வாரம் என்றார்கள். எட்டு வாரத்தில் பாதிப் பருவம் போய்விடும்.

யாரோ தந்த இடது கைக் கையுறையோடு ஒரு பயிற்சிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வில்லை 170 கிராம் வரை எடையுள்ள கட்டி இறப்பர். துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன்னரே அதை உறைய வைக்கிறார்கள். அது நெஞ்சுக்கு நேரே வரும்போது எந்தக் கையை நீட்டுவது என்று யோசிக்க நேரம் இருக்காது. அன்றிரவு தொலைபேசியில், "கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எழுதுவது போல இருக்கிறது அம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை ஒரு முதியவர் கல்லூரியின் பனியரங்குக்கு வந்து, நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் பலசரக்குக் கடைக் கடதாசிப் பை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். "கோல் காப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நியூயோர்க் மாநிலத்தில் யூட்டிகாவுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர்க்காரர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஒன்ராறியோ ஏரியின் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து டக் ஹில் மேட்டில் பனியாகக் கொட்டுகிற மாதம் அது. அந்தப் பக்கமாக மூன்றரை மணி நேரம் தனியாக வண்டி ஓட்டி வந்து, ஒரு கோப்பி கூடக் குடிக்காமல் அதே வழியில் திரும்பிப் போயிருக்கிறார்.

பைக்குள் வலது கைக்கான கையுறை இருந்தது. பழையது, ஓரங்களில் தோல் கறுத்துப் போனது. வில்லை விழும் குழியில் நூலால் இறுகச் சுற்றிய ஒரு பந்தை வைத்து, வெளியே பழைய ஸ்கேட் கயிற்றால் கட்டியிருந்தார். குழி வடிவம் கெடாமல் இருப்பதற்கு அப்படித்தான் செய்வார்களாம். கூடவே ஒரு துண்டுக் கடதாசியில் மூன்றே வரிகள்: மேலிருந்து மூன்றாவது வார் குளிரில் தளரும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இறுக்க வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் உலர்த்தக் கூடாது. பெருவிரல் பக்கமாக வருவதைச் சற்று முன்னதாக மூட வேண்டும்.

பெயர் இல்லை, வாழ்த்து இல்லை. அந்த மூன்று வரிகளை மகள் எனக்கு வாசித்துக் காட்டியபோது என் அப்பு நினைவுக்கு வந்தார். பருத்தித்துறையில் எங்கள் வீட்டுப் பசுவை வேறு வீட்டுக்குக் கொடுத்த அன்று, கயிற்றைக் கைமாற்றிக்கொண்டே, "இடது பின்காலைக் கட்டிவிட்டுக் கற, புண்ணாக்கை ஊறவைத்துக் கொடு, மழைக்குப் பயப்படும்" என்று சொன்னவர் அவர். தான் நேசித்த ஒன்றைக் கொடுப்பவர்தான் இவ்வளவு விபரம் சொல்வார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர், வீட்டின் நிலவறையில் சும்மா கிடந்ததைத் தந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

கையுறை மகளின் கைக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஞாயிறு நான் ஊசியும் பருத்தித் துணியும் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை 401 வழியே போய், ஆயிரம் தீவுப் பாலத்தைத் தாண்டி, அவளுடைய விடுதி அறையில் இருந்து ஒவ்வொரு விரலுக்கும் உள்ளே துணி வைத்துத் தைத்தேன். வேறொரு மனிதரின் பல வருட வியர்வை மணத்தது. அது எனக்கு அருவருப்பாக இருக்கவில்லை. உழைத்தவரின் சட்டையைத் தைப்பது போலவே இருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். டிசம்பரில் தோல்விகள், ஜனவரியில் அந்தத் தொடர் வெற்றி, மார்ச் அரையிறுதியில் மேலதிக நேரத்தில் எதிரணியின் ஒரேயொரு கோல். அந்தக் கோலுக்காக ஒருவரும் என் மகளிடம் மன்னிப்போ விளக்கமோ கேட்கவில்லை. அணி முழுவதும் வந்து அவளைச் சுற்றி நின்றது.

பெப்ரவரியில் ஒருநாள்தான் நன்றி சொல்ல வழி கிடைத்தது. ஸ்கேட் கூர்தீட்டும் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் எங்கள் கதையைத் தன் வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மூலம் அந்த முதியவரின் தொலைபேசி இலக்கம் வந்தது. மனைவி எடுத்தார். கணவருக்கு அறுபத்தேழு வயது, முன்பு பாடசாலை பஸ் ஓட்டியவர், செவ்வாய் இரவுகளில் முதியோர் அணி ஒன்றில் கோல் காப்பாளர் என்றார். "இந்த வருடம் அவர் இறங்குவதில்லை. வாங்கில் இருந்து மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார்" என்றார். உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டேன். அந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரிடம் இருந்தது அந்த ஒரு கையுறைதானே" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்த முதியவரே பேசினார். 2024 ஏப்ரலில் யூட்டிகாவில் நடந்த பெண்கள் உலகச் சம்பியன்ஷிப் இறுதியாட்டத்தைப் பார்த்தாராம். கனடா மேலதிக நேரத்தில் 6–5 என்று அமெரிக்காவை வென்ற ஆட்டம் அது. பெண்கள் இப்படி ஆடுவதைப் பார்க்கத் தன் அம்மா இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாராம். சொல்லிச் செய்வித்த புதிய கையுறை ஜனவரியிலேயே எங்களுக்கு வந்துவிட்டது, உங்களுடையதை உடனே அனுப்புகிறோம் என்றேன். கூடாது என்று மறுத்துவிட்டார். புதிய தோல் பழக நாளாகும், பருவத்தின் நடுவில் கோல் காப்பாளர் கையுறை மாற்றக் கூடாது, தனக்கு அவசரமில்லை என்றார். எத்தனை செவ்வாய்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அவருடைய வயதில் ஒரு பனிக்காலம் எவ்வளவு பெரியது என்பதையும் நினைத்தேன்.

மகள் முதன்முதல் பனியில் கால் வைத்தது ரொறன்ரோவில் பிளெமிங்டன் பார்க்கில், ஏஞ்சலா ஜேம்ஸின் பெயர் தாங்கிய அரங்கில். அந்தப் பகுதியில் வளர்ந்து, செனெக்கா கல்லூரிக்கு ஆடி, 2010இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இரு பெண்களில் ஒருவர் அவர். அப்போது மகளுக்கு ஏழு வயது. ஏஞ்சலா ஜேம்ஸின் படத்தைக் கத்தரித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். நானோ பதினைந்து வருடமாக அரங்குகளின் மேல் வரிசையில் ஒரு போர்வையோடு உட்கார்ந்து, இது எங்களுடைய இடமல்ல, யாரும் எழும்பச் சொல்வதற்கு முன் நாமே எழும்பிவிட வேண்டும் என்று நினைத்தே காலம் கழித்தேன். ஒருவரும் எழும்பச் சொன்னதில்லை. அந்தப் பயம் நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அரையிறுதியன்று முதல் வரிசையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் அந்தப் பழைய கையுறையை உயர்த்திக் காட்டினாள்.

நீங்கள் சேர்த்துத் தந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அணியிடம் கேட்டுவிட்டோம். அதில் வலது கைக்கான சிறுவர் கையுறைகளும் அவற்றுக்கேற்ற, மட்டை பிடிக்கும் கைக்கான தடுப்புக் கையுறைகளும் இரண்டு அளவுகளில் வாங்கி எங்கள் வீட்டில் வைக்கப்போகிறோம். மகளின் புதிய கையுறையும் அவற்றோடு இருக்கும். எந்த இடக்கைப் பிள்ளைக்கு, எந்த மொழி பேசுகிற பிள்ளைக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த அலுமாரி வெறுமையாக இருக்காது.

ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை மகள் உங்களுக்கு வாசித்துச் சொல்வாள். என் மொழியில் எழுதினால்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வரும் என்பதால் இப்படி எழுதினேன்.

அடுத்த செவ்வாய் இரவு பத்தேகால் மணிக்கு உங்கள் அணிக்கு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் என்று உங்கள் மனைவி சொன்னார். கையுறையை ஹீட்டர் பக்கம் கொண்டு போகாமல் நிழலில் உலர்த்தியிருக்கிறோம். மகள் மூன்றாவது வாரை இறுக்கி, நூல் பந்தைக் குழிக்குள் வைத்து, அதே கயிற்றால் கட்டிவிட்டாள். நேற்றிரவு விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு, உள்ளே நான் தைத்த துணியை ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். உங்கள் விரல்களுக்கு மறுபடியும் இடம் வேண்டும்.

செவ்வாய் மதியம் புறப்படுகிறோம்.

நன்றியுடன்,
ஒரு கோல் காப்பாளரின் அம்மா,
ஸ்காபரோ