மதுக்கூட வாசலிலேயே வயதைக் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு - கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மது வாங்குவதற்கான வயது வரம்பு மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது; கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு இந்த வரம்பு 23 ஆக உயர்த்தப்பட்டது. எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு இந்த இரண்டு ஆண்டு வேறுபாடு பெரிதல்ல. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மதுக்கூடங்களுக்குள் தடையின்றிப் போய் வருவதுதான் எங்கள் கவலை.

கடைகளில் தொங்கும் அறிவிப்புப் பலகை விற்பனையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. பணம் நீட்டுபவர் வயது வந்தவராக இருந்துவிட்டால், அந்தப் பாட்டில் எந்த மேசைக்குப் போகிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. பொள்ளாச்சிப் பகுதியில் ஒரு மதுக்கூடத்துக்குள், பள்ளிச் சீருடைக் கால்சட்டையின் மேல் டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மாணவர்கள் நுழைந்ததை நானே பார்த்தேன். வாசலில் இருந்த ஊழியர் பைக்கை ஓரமாக நிறுத்தச் சொன்னாரே தவிர, வயதைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கள்ளுக்கடைகளுக்கு இங்கிருந்து பலர் போகிறார்கள். அங்கே கிடைக்கும் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்குக்கும் மீன்கறிக்கும் ஆசைப்பட்டுக் குழந்தைகளையும் அழைத்துச் செல்கிற குடும்பங்கள் உண்டு. அந்தச் சாப்பாட்டின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் குடிப்பவர்கள் அமரும் அதே பெஞ்சில்தான் குழந்தைக்கும் இலை போட வேண்டுமா? குடும்பத்தினர் சாப்பிடத் தனி வாசலோடு தனி அறை இல்லாத கடையில் சிறுவர்களை அனுமதிக்கவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையானது, மதுக்கூடங்களில் சிறுவர்கள் வேலை பார்ப்பது. தண்ணீர் பாக்கெட்டும் சுண்டலும் கொண்டுவந்து வைக்கிற பையனே, வாடிக்கையாளர் சொன்னால் சரக்கும் வாங்கி வந்து கொடுக்கிறான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் கொண்டு மதுவை விற்பதையும் எடுத்துச் செல்வதையும் ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகக் கருதுகிறது. சிறாருக்கு மது கொடுப்பவருக்கும் இதே தண்டனைதான். இவ்வளவு கடுமையான சட்டம் இருப்பது பார் நடத்துபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டாஸ்மாக் கடைகளில் காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்னும் திட்டம் வயல்களுக்கும் வனத்துக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாட்டில் பொறுக்கி வரும் சிறுவர்களுக்கு அந்தப் பணமே மதுக்கடைக்கு வழிகாட்டிவிடக் கூடாது. பெரியவர்களிடமிருந்து மட்டுமே பாட்டில்களைப் பெற வேண்டும்.

எனவே, இளையவராகத் தெரியும் எவரிடமும் வாசலிலேயே அடையாள அட்டையைக் கேட்பதை மதுக்கூட உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அதை மீறினால், பிடிபட்ட பிள்ளையை மிரட்டி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், உரிமதாரர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கெடுபிடி செய்தால் பிள்ளைகள் மறு பக்கம் போய்விடுவார்கள் என்பதால், கோவை, பாலக்காடு மாவட்ட அதிகாரிகள் ஒரே நாளில், குறிப்பாகப் பள்ளி விடும் மாலை நேரத்தில், சேர்ந்து சோதனை நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோபாலபுரம்.